ஒரு பாகத்துக்கு எத்தனை மீட்டர்

போன கிழமை தர்ஷினியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவர் அவர். திருகோணமலையில், நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று கணித்து மீனவர் சங்கங்களுக்கு முதல் நாள் பின்னேரமே செய்தி அனுப்பும் ஒரு சிறிய அலுவலகம் அது.

"அக்கா, பில்ட் கோப்பில பாகம் எண்டு ஒரு வரையறை இருக்கு. பெறுமதி 1.51 எண்டு போட்டிருக்கிறீங்கள். ஒரு பாகம் எண்டா 1.83 மீட்டர்தானே? கை தவறி விழுந்திட்டுதோ? மற்றது, அந்தப் பெறுமதியைக் குடுக்காட்டி பில்ட்டே நிண்டுபோகுது. அந்த வரியை எடுத்துப்போட்டு, பெறுமதி இல்லாட்டி 1.83ஐ எடு எண்டு எழுதலாமா? எங்கட புது உதவிச் செயலியும் அப்பிடித்தான் சொல்லுது."

கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வாசித்ததும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். கதவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதற்றம் வந்தால் நான் அப்படித்தான். "பொறுங்கோ, விளக்கமா எழுதி அனுப்புறன்" என்று பதில் போட்டேன். இரண்டு வரி வரும் என்று தர்ஷினி எதிர்பார்த்திருப்பார். அவருக்கு எழுதத் தொடங்கியதுதான் இவ்வளவு நீண்டுவிட்டது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவள் நான். நிலாவெளி பஸ்ஸில் ஏறிப் பாதி தூரம் போன பிறகு காஸ் அடுப்பை நிப்பாட்டினேனா என்ற சந்தேகத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். "உன்னை வேலைக்கு வைச்சிருக்கிற கந்தோருக்குக் காவல்காரன் தேவையில்லை" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்டவள்தான் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட்டேன்.

கொழும்பில் கணினி படித்ததையும், அங்கே பதினைந்து வருடம் மற்றவர்களுடைய நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்ததையும் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஏலாமல் வந்தபோது ஊருக்குத் திரும்பினேன். அந்த நேரம் இந்த அலுவலகத்தில் மூன்று பேர், இரண்டு கொம்பியூட்டர், சரியாகக் குளிராத ஒரு ஏசி. தூரக் கடலில் எழும்பும் அலை கரைக்கு வரும்போது எவ்வளவு உயரமாக இருக்கும் என்று கணக்குப் போடும் நிரல் ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதைப் பராமரிப்பதே என் வேலை.

எங்கள் செய்திகள் மீட்டரில் போவதில்லை. முழங்கால் அளவு, இடுப்பளவு, நெஞ்சளவு, ஆளுயரம் என்றுதான் போகும். அதை ஏற்படுத்தியவர் எங்கள் பொறுப்பதிகாரி றஹீம் சேர். குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தியதை நான் கண்டதில்லை. நாங்கள் ஏதாவது சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியால் துடைப்பார், திரும்பப் போடுவார், பிறகு மெதுவாகக் கேட்பார்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அந்தக் கேள்வி முதல் தரம் என் மேல் விழுந்தது. புதிய பெறுமதி நிரலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். கண்ணாடி கழன்றது, துடைபட்டது, ஏறியது. கேள்வி வந்தது. "நினைச்சனான் சேர்" என்றேன். "அப்ப போய்ப் பாத்துப்போட்டு வாங்க மிஸ்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. போய்ப் பார்த்தேன். பெறுமதி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு முகம் சுட்டது. அதற்குப் பிறகு கண்ணால் காணாத எதையும் அவரிடம் கொண்டுபோனதில்லை. அது நல்ல பழக்கம் என்றுதான் பல வருடம் நம்பியிருந்தேன்.

இனிப் பாகத்துக்கு வருகிறேன். இறக்கக்கண்டியில் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் ஒன்று உண்டு. படகுகள் அதனூடாகத்தான் போய்வரும். மழைக்குக் களப்பு உடைத்து ஓடும்போது மணல் இடம் மாறும், ஆழமும் மாறும். அளவைக் கப்பல் அந்த இடத்துக்குள் வராது. ஒலியால் ஆழம் பார்க்கும் கருவியைக் கொண்டுபோய்ப் பார்த்தோம், நுரையிலும் கலங்கல் தண்ணீரிலும் அது வாய்க்கு வந்ததைச் சொன்னது. அதனால் ஒவ்வொரு மார்கழியிலும் அங்கத்தைய மீனவர் சங்கச் செயலாளர் ஜெமீல் நானா ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இழுத்தெடுக்கும்போது இரண்டு கையாலும் விரித்து விரித்து எண்ணுவார். ஒரு விரிப்பு ஒரு பாகம். ஐம்பது அறுபது இடத்தில் அளந்து, பாடசாலைக் கொப்பி ஒன்றில் எழுதி எங்களிடம் தருவார்.

மீட்டர் அடையாளம் போட்ட கயிறு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது றஹீம் சேர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடுற படகில அடையாளத்தை வாசிச்சுக்கொண்டு நிக்க ஏலாது மிஸ். அவர்ட கை பிழைக்காது. கையை மாத்தாம நாங்க மெசினை மாத்துவம்." சொல்லிவிட்டு மேசை லாச்சியிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஜெமீல் நானா கந்தோரின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார், நான் ஒரு நுனியைப் பிடித்தேன், சேர் மற்ற நுனியைப் பிடித்தார். ஒரு மீட்டர் எழுபத்துநாலு சென்ரிமீட்டர்.

"இன்னும் கொஞ்சம் நீட்டுங்கோ நானா, எண்பதாவது வரட்டும்" என்றேன் நான்.

"இதென்ன மிஸ், கலியாணத்துக்கா அளக்கிறீங்க?" என்று அவர் சிரித்தார்.

"நீட்ட வேணாம். கயிறு இழுக்கிற மாதிரி சும்மா நில்லுங்க" என்றார் சேர்.

அன்றிலிருந்து எங்கள் நிரலில் பாகம் என்றால் 1.74. இதை நிரலுக்குள் நேரடியாக எழுதுவதில்லை. நிரலைக் கட்டி எழுப்பும் பில்ட் கோப்பில் வரையறையாகக் கொடுப்போம். நாங்கள் எழுதும் நிரலை மெசினுக்கு விளங்கும்படி மாற்றும் கொம்பைலர் தன் வேலையைத் தொடங்குமுன் இந்த வரையறைகளைப் பார்க்கும். பாகம் என்ற சொல் வரையறுக்கப்பட்டிருந்தால் ஆழத்தை அந்தப் பெறுமதியால் பெருக்கும். வரையறுக்கப்படாவிட்டால் ஆழம் ஏற்கெனவே மீட்டரில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். மற்ற ஊர்களின் ஆழம் மீட்டரிலேயே வந்ததால் அப்படி எழுதினேன். பேசாமல் போய்விடும் என்பதில் உள்ள பயங்கரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பல வருடம் கழித்து, நிரல் மிக மெதுவாக ஓடுகிறது என்று ஜி.பி.யூ என்ற வேகச் சில்லு பூட்டிய புது மெசின் ஒன்று வந்தது. நாலு மணித்தியாலக் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடிக்கும் என்றார்கள். நான் நிரலைப் பிரித்தேன். ஆழக் கொப்பியை வாசிப்பது, அட்டவணை அச்சடிப்பது எல்லாம் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய பழைய பக்கத்திலேயே இருந்தது. அலைக் கணக்கும், அதற்காகப் பாகத்தை மீட்டராக்கும் வேலையும் ஜி.பி.யூ பக்கத்துக்குப் போனது. இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே கொம்பைலர் கட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கொம்பைலர். பில்ட் கோப்பில் ஒரு வரையறையை முழு நிரலுக்கும் பொதுவாகவும் கொடுக்கலாம், ஒரு கொம்பைலருக்கு மட்டும் போகும் வரியிலும் எழுதலாம். பழைய கோப்பில் சி பிளஸ் பிளஸ் கொம்பைலருக்கான வரியில்தான் பாகம் இருந்தது. கை பழகிய இடம். அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

புது நிரலை வேலைக்கு விடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு முறை எங்களிடம் இருந்தது. அதுவும் சேர் ஏற்படுத்தியதுதான். அவர் பில்ட் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரையறையாகச் சத்தமாக வாசிப்பார். நிரல் அச்சடித்த தாளில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு நான் "கண்டன்" என்று சொல்ல வேண்டும். காணாமல் சொல்லக் கூடாது.

"பாகம். ஒண்டு தசம் ஏழு நாலு."

தாளைப் பார்த்தேன். இறக்கக்கண்டி ஆழங்கள் மீட்டரில் சரியாக மாறியிருந்தன. இரண்டு பாகம் என்றிருந்த இடத்தில் மூன்று தசம் நாலு எட்டு. விரல் வைத்துப் பார்த்தேன்.

"கண்டன்."

நான் பொய் சொல்லவில்லை. அந்தத் தாளை அச்சடித்தது சி பிளஸ் பிளஸ் பக்கம், அதற்கு வரையறை போயிருந்தது. அலைக் கணக்கைப் போட்ட பக்கத்துக்கு அது போகவேயில்லை. இரண்டு பாகத்தை அது இரண்டு மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கணக்கு மூன்று நாளை எடுத்தேன், மூன்றும் கடல் அமைதியான நாட்கள். சின்ன அலைக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல, விடை ஒன்றாகவே வந்தது. பெருங்கடல் நாள் ஒன்றை எடுத்திருக்க வேண்டும். பூட்டை மூன்று தரம் இழுத்தேன், ஆனால் மூன்று தரமும் ஒரே பூட்டைத்தான் இழுத்திருக்கிறேன்.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள், மாரி காலத்தில் காற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. தூரத்தில் எங்கோ அடித்த புயலின் அலை வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அது முகத்துவாரத்துக்கு வெளியிலேயே உடைந்து, உள்ளே இடுப்பளவுதான் வரும் என்று மெசின் சொல்லியிருந்தது. தண்ணீர் ஆழம் குறைவென்று நினைத்தால் அலை தூரத்திலேயே உடைந்து களைத்துப்போகும் என்றுதான் கணக்கு வரும். இடுப்பளவு என்று முதல் நாள் பின்னேரம் செய்தி போயிருந்தது. விடிய முன்னம் பதினொரு படகு இறங்கியிருந்தன.

எட்டு மணி இருபதுக்கு என் தொலைபேசி அடித்தது. ஜெமீல் நானா. முகத்துவாரக் கரையில் நின்று கதைத்தார், பின்னால் இரைச்சல்.

"மிஸ், நீங்க இடுப்பளவு எண்டு போட்டிருக்கீங்க. இஞ்ச ஆளுக்கு மேலால உடைக்கிது. இது கொஞ்ச நேரத்தில அடங்குமா? பொடியன்மார் திரும்பி வந்துக்கிட்டிருக்காங்க. வெளிய நிக்கச் சொல்லவா, வரச் சொல்லவா?"

புது மெசின் ஓடத் தொடங்கி ஒன்பது நாள் என்பதுதான் முதலில் மனதில் வந்தது. எங்கேயோ பிழை, அது என் பிழை என்று நெஞ்சு சொல்லிவிட்டது. ஆனால் நான் இன்னும் பார்க்கவில்லை. நினைத்தது மட்டும்தான்.

"ஒரு நிமிஷம் நானா. பாத்துச் சொல்றன்" என்றேன்.

"சரி மிஸ். நான் நிக்கிறன்."

கோப்புகளைத் திறந்தேன். ஆழ அட்டவணையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. புயலின் தரவைப் பார்த்தேன், அதுவும் சரி. இன்னொரு கோப்பு. இன்னொன்று. விரல் பிழையான சாவிகளில் விழுந்தது. சேரின் அறை ஐந்து எட்டுத் தூரத்தில் இருந்தது, கதவும் திறந்துதான் இருந்தது. போனால் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், கேட்பார். நினைச்சனான் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றையாவது கண்டுபிடித்துக்கொண்டு போவோம் என்று இன்னும் ஒரு கோப்பைத் திறந்தேன்.

கடைசியில் எழும்பிப் போனேன். சுவர் மணிக்கூட்டில் எட்டு முப்பத்தைந்து.

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"நினைச்சதுதான் சேர். ஜி.பி.யூ பக்கம் ஏதோ போய்ச் சேரேல்லை. பார்க்கிறதெண்டா ஒவ்வொரு கட்டளையும் திரையில வாற மாதிரி முழுசா பில்ட் பண்ணோணும். நாப்பது நிமிஷம் எடுக்கும்."

"படகு எப்ப வரும்?"

"வந்துகொண்டிருக்காம்."

அவர் எழும்பிவிட்டார். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக எழும்பியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"போங்க எண்டு சொல்றதுக்குத்தான் பாக்கோணும் மிஸ். நில்லுங்க எண்டு சொல்ல நினைச்சாலே போதும். நீங்க நானாவுக்கு எடுங்க, நான் செய்தியைப் போடுறன்."

எட்டு முப்பத்தேழுக்கு ஜெமீல் நானாவுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது குரல் அவருடையதாகவே இல்லை.

"றிஸ்வான்ட போட் பிரண்டிட்டுது மிஸ். இப்ப ஒரு அஞ்சு நிமிஷம். அவன் உள்ளுக்கு வந்திட்டான், நான் சொல்ல முன்னமே வந்திட்டான்..."

றிஸ்வான் அவருடைய மூத்த மகன். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் வாப்பா. தொலைபேசி துண்டித்துப்போனது.

சேரின் செய்தியும், கரையில் நின்றவர்கள் எடுத்த அழைப்புகளும் மற்றப் பத்துப் படகுக்கும் எட்டிவிட்டன. அவை வெளியிலேயே திரும்பித் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓடின. எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. கதிரையில் இருந்து பில்ட்டைத் தொடங்கினேன். திரையில் கட்டளைகள் ஒவ்வொன்றாக ஏறின. சி பிளஸ் பிளஸ் கோப்புகள் வந்தன. ஒவ்வொரு வரியிலும் பாகம், 1.74, பாகம், 1.74. பிறகு ஜி.பி.யூ கோப்புகள் வரத் தொடங்கின. மற்ற எல்லாம் இருந்தன. பாகம் இல்லை. அடுத்த வரி. இல்லை. அதற்கடுத்த வரியிலும் இல்லை. அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் ஒன்றைச் சரியாகப் பார்த்தேன். பார்த்து என்ன, றிஸ்வானும் அவரோடு படகில் போனவரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். உயிர்கள் போகக் கூடாது என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

பத்து மணிக்குக் கிட்ட செய்தி வந்தது. இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள். ஒருவர் தண்ணீர் குடித்ததோடு தப்பினார். றிஸ்வானின் இடது தோள் படகுக்கும் மணல் திட்டுக்கும் நடுவில் நசிந்துபோயிருந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. நிம்மதியில் அழுதேனா, வெட்கத்தில் அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த நாள் சேரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனோம். வாசலில் இறங்கியதும் நின்றார்.

"எட்டு இருபதிலயிருந்து எட்டு முப்பத்தஞ்சு வரைக்கும் நீங்க ஏன் வரல்ல எண்டு எனக்குத் தெரியும் மிஸ். அந்தக் கால் மணித்தியாலம் என்னோடது. என்ட கேள்வியால உங்களைப் பயப்படுத்திப்போட்டன்."

அவர் சொன்னது உண்மைதான். நான் கோழையாக இருந்ததும் உண்மைதான். நினைச்சனான் என்ற ஒரு சொல்லைச் சொல்லும் வெட்கத்துக்குப் பயந்து, "நான் நிக்கிறன்" என்று சொன்ன ஒரு மனிதரைக் கரையில் நிற்க வைத்திருந்தேன்.

றிஸ்வான் கட்டிலில் சாய்ந்திருந்தார், தோளிலிருந்து முழங்கை வரை கட்டு. பக்கத்தில் ஜெமீல் நானா. பிழை என்னுடையது என்று நின்றபடியே சொன்னேன்.

"என்ன பிழை மிஸ்?" என்று றிஸ்வான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார்.

"மெசினுக்குள்ள ரெண்டு வேலைக்காரர் எண்டு வையுங்கோ. கொப்பியில இருக்கிறது பாகம், அதை மீட்டராக்கோணும் எண்டு ஒருத்தருக்குச் சொன்னனான். மற்றவருக்குச் சொல்லேல்லை. சொல்லாத ஆள்தான் அலையைக் கணக்குப் பார்த்தவர்."

றிஸ்வான் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப வாப்பாட பாகம் அவனுக்குப் போகல்ல."

"ஓம்."

"வலை இழுக்கக்குள்ள ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னா வலையே கிழிஞ்சிரும் மிஸ். இது தெரியாதா உங்களுக்கு?"

ஜெமீல் நானா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான்தான் மிஸ்கிட்ட கேட்டுக்கிட்டு நிண்டன். கண்ணுக்கு முன்னால கடல் உடைக்கிது, நான் போனைக் கையில வெச்சிக்கிட்டு நிண்டன்." அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னையே திட்டிக்கொண்டதைத் தாங்க முடியவில்லை.

விசாரணை நடந்தது, அறிக்கை எழுதினேன். என் பெயரை மட்டும் போட்டிருந்தேன், சேர் தன் பெயரையும் கீழே எழுதிக் கையெழுத்து வைத்தார். பில்ட் கோப்பில் பாகத்தை ஒரு கொம்பைலரின் வரியிலிருந்து எடுத்து, முழு நிரலுக்கும் சேரும்படி வைத்தேன், இரண்டு பக்கத்துக்கும் போகும். எல்லா ஊர்களின் ஆழத்தையும் ஒரே கொப்பி முறையில் கொண்டுவந்து, மீட்டரில் வந்ததற்குப் பெறுமதி ஒன்று என்று வெளிப்படையாகக் கொடுத்தேன். "கண்டன்" என்பதை நிரல் அச்சடித்த தாளைப் பார்த்துச் சொல்வதை நிறுத்தினோம். கொம்பைலர் ஓடிய வரியைப் பார்த்து, சி பிளஸ் பிளஸுக்கு ஒரு தரம், ஜி.பி.யூவுக்கு ஒரு தரம், இரண்டு "கண்டன்" சொல்ல வேண்டும். பேசாமல் போகும் அந்த வழியையும் அடைத்தேன். தர்ஷினி, நீங்கள் எடுக்கலாமா என்று கேட்கும் வரி அதுதான். பாகம் வந்து சேராவிட்டால் ஜி.பி.யூ நிரல் கட்டப்படாது, நின்றுவிடும். நிற்கும்போது திரையில் வரும் வசனத்தைக் கண்டிருப்பீர்கள்: "பாகம் தரப்படவில்லை. யாருடைய கை என்று கேட்டு எழுதவும்."

பில்ட் நிற்பது எரிச்சலான விடயம்தான். எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் அது நினைத்ததற்காக நிற்கிறது, பார்த்த பிறகு போகிறது. பெறுமதி இல்லாவிட்டால் 1.83ஐ எடு என்று எழுதினால் திரும்பவும் பேசாமல் போகத் தொடங்கும். உங்கள் உதவிச் செயலிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதில் கோபமில்லை.

மிச்சம் இருப்பது 1.51.

அடுத்த மார்கழியில் ஆழக் கொப்பி வராதோ என்று பயந்துகொண்டிருந்தேன். எந்த முகத்தோடு கேட்பது? ஒரு நாள் காலை ஜெமீல் நானாவும் றிஸ்வானும் கந்தோருக்கு வந்தார்கள். கொப்பி றிஸ்வானின் கையில் இருந்தது. வலை இழுக்க அந்தத் தோள் இனி உதவாது, வாப்பாவுக்கும் கண் தெளிவில்லை, அதனால் ஆழம் பார்க்கும் வேலையைத் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். வலது கையாலேயே குண்டை இறக்கி, இரண்டு கையாலும் விரித்து எண்ணியிருக்கிறார்.

"கை வலிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"வலிக்கும்தான். ஆனா இது என்ட பாகம் மிஸ், வாப்பாட இல்ல. அந்தப் பழைய கணக்கைப் போட்டிராதீங்க. அளந்து எடுங்க."

சேர் லாச்சியைத் திறந்து அளவு நாடாவை என்னிடம் தந்தார். றிஸ்வான் கந்தோரின் நடுவில் போய் நின்றார். வலது கை நேராகப் போனது. இடது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது, முழங்கையும் நிமிரவில்லை. அன்றைக்கு வாசித்த பெறுமதிதான் நீங்கள் பிழையோ என்று கேட்டது. ஒவ்வொரு வருடமும் திரும்ப அளந்தோம், ஒரு சென்ரிமீட்டர்கூடக் கூடவில்லை.

இந்த மார்கழிக்கு நீங்கள்தான் போக வேண்டும், தர்ஷினி. நாடா சேரின் பழைய லாச்சியில் இருக்கிறது. றிஸ்வான் கையை விரிக்கும்போது நுனியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் நீட்டுங்கோ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழக்கதோசத்தில் நான் அன்றைக்கு அவரிடம் சொல்லிவிட்டேன்.